தாடிக்கொம்பு இரணியன் தூண்கள்: கலையில் புண்ணின் மெய்ம்மை குறித்து

ஆய்வுச் சுருக்கம்

திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில் இரணிய யுத்தம், இரணிய வதம் என்னும் இரு சிற்பங்கள் இடம்பெற்றுள்ளன. ஒன்றில் புண் இல்லை. மற்றொன்றில் வயிறு கிழிபடுகிறது. பின்னதையே தத்ரூபமானது என்று போற்றுவது வழக்கம். இம்மதிப்பீட்டை இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துகிறது. சங்கப் பாடல்கள், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், களவழி நாற்பது, கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகியவற்றில் புண் கையாளப்படும் முறையை அளவுகோலாகக் கொண்டு, தமிழ்க் கலைமரபில் புண்ணின் மெய்ம்மை தசையின் விவரிப்பில் தங்கியிருக்கிறதா, புண்ணைச் சூழ்ந்து நிகழும் செயலில் தங்கியிருக்கிறதா என்று ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாடிக்கொம்பு, இரணிய வதம், விழுப்புண், வடு, உறுப்பறை, மெய்ப்பாடு, நடுகல்.

தத்ரூபம் என்னும் சொல்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், நகருக்கு வடக்கே ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில், குடகனாற்றை ஒட்டி அமைந்துள்ளது தாடிக்கொம்பு. அங்குள்ள பெருமாள் கோயில் மண்டபத்தின் ஆளுயரச் சிற்பத் தூண்கள் விசயநகர, நாயக்கர் காலச் சிற்பக்கலை பற்றிப் பேசுவோர் தவறாது குறிப்பிடுபவை. அகோர வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவர், உலகளந்த பெருமாள், கார்த்தவீரியார்ச்சுனன், கருடன்மேல் அமர்ந்த திருமால், இரதி, மன்மதன் என்று நீளும் அவ்வரிசையில் இரணியனுக்கு மட்டும் இரண்டு தூண்கள் வாய்த்துள்ளன. ஒன்றில் அவன் நரசிம்மருடன் பொருகிறான். மற்றொன்றில் அவரால் கொல்லப்படுகிறான். ஒரே கதையின் அடுத்தடுத்த இரு கணங்களைச் சிற்பி தனித்தனிக் கற்களில் நிறுத்தியிருக்கிறார்.

கோயில் அறிமுக நூல்களும் சுற்றுலாக் குறிப்புகளும் இத்தகைய தூண்களைப் பற்றி எழுதும்போது இரண்டு சொற்களைக் கைவிடுவதே இல்லை: ஒன்று உயிரோட்டம், மற்றொன்று தத்ரூபம். ஆய்வுக் கட்டுரைகளும் இவற்றை ஆராயாமல் எடுத்தாள்கின்றன. நரம்பு தெரிகிறது, நகம் தெரிகிறது, குடல் தெரிகிறது, ஆகவே தத்ரூபம் என்பது அவற்றின் வாதம். 'அதன் வடிவே' என்று பொருள்படும் இச்சொல் ஒரு மூலத்தை முன்னிறுத்துகிறது. மூலம் இருந்தால்தான் நகல் அதனோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க முடியும். இரணியன் வயிறு கிழிபட்டதை எவரும் கண்டதில்லை. அப்படியானால் சிற்பத்தை எதனோடு ஒப்பிட்டு அதை மெய்போல் இருப்பதாகச் சொல்கிறோம்? நம் காலத்துப் பார்வையாளர் செய்தி ஒளிப்படங்களையும் திரைப்பட ஒப்பனையையும் பார்த்துப் பழகிய கண்ணோடு மண்டபத்துக்குள் நுழைகிறார். அவருடைய அளவுகோல் உடற்கூற்றியல் சார்ந்தது. சிற்பியின் அளவுகோலும் அதுவாகத்தான் இருந்தது என்று கொள்ள நமக்கு எந்தச் சான்றும் இல்லை.

வெறும் சொல்லாராய்ச்சியாக மட்டும் இதனைக் கருத இயலாது. தத்ரூபம் என்ற சொல்லால் நிறைவடையும் திறனாய்வு, புண் தெரியும் தூணின் முன் நின்றுவிட்டுப் புண் இல்லாத தூணைக் கடந்துபோய்விடுகிறது. இரண்டில் எது சிறந்த படைப்பு என்ற வினாவே எழாமல் போகிறது.

புண்ணும் வடுவும்

தமிழ் மரபு புண்ணை எவ்வாறு வகைப்படுத்தியது என்பதிலிருந்து தொடங்கலாம். சங்கப் பாடல்கள் புண்ணை அதன் ஆழத்தாலோ குருதியின் அளவாலோ பிரிப்பதில்லை, இடத்தாலேயே பிரிக்கின்றன. முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். கழாத்தலையாரும் வெண்ணிக்குயத்தியாரும் இதனைப் பாடியுள்ளனர் (புறம். 65, 66). அவனை மாய்த்தது ஆயுதத்தின் வலிமையைவிடப் புண் வாய்த்த இடமே. அதாவது, புண் என்பது தசையில் நேர்ந்த சிதைவு என்பதோடு நிற்கவில்லை. அந்த வீரன் எத்திசை நோக்கி நின்றான் என்பதற்கான சான்றாகவும் அது வாசிக்கப்பட்டது.

வடு என்ற சொல்லின் இருபொருளும் இங்கு உதவும். ஆறிய புண்ணின் தழும்பும் வடு, பழியும் வடு. ஈர்ந்தூர் கிழான் தோயன்மாறனைப் பாடிய கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக்குமரனார் (புறம். 180) இவ்விரு பொருளையும் எதிரெதிரே நிறுத்தி விளையாடுகிறார். வாள்பட்ட தழும்புகள் மண்டிய அவ்வுடலில் பழி என்னும் வடு இல்லை. அதைவிடவும் கவனிக்கத்தக்கது அவர் கையாளும் உவமை. மருந்துக்காகப் பலரும் வெட்டி வெட்டி எடுத்த மரம்போல் அவ்வுடல் இருக்கிறது என்கிறார். மருந்து மரத்தில் விழும் வெட்டுகள் சீரற்றவை. வந்தவர் தம் தேவைக்கு ஏற்ப, கைக்கு எட்டிய உயரத்தில், முன்பே வெட்டியதன் மேலும் கீழும் வெட்டிச் செல்வர். பழைய வெட்டு காய்ந்து கறுத்திருக்க, புதிய வெட்டு ஈரமாக இருக்கும். பல போர்களில், பல ஆண்டுகளில் சேர்ந்த தழும்புகளின் தோற்றம் இதுவே. ஒரு சொல்லில்கூடத் தசையை விவரிக்காமல், தழும்புகளின் காலவரிசையைக் காட்டிவிடுகிறார் புலவர். உவமை தோயன்மாறனின் கொடைக்கும் பொருந்துகிறது: தன்னை வெட்டியவர்க்கும் மருந்து தரும் மரம்.

தொல்காப்பியம் இதனை வேறொரு கோணத்தில் உறுதிசெய்கிறது. மெய்ப்பாட்டியலில் உறுப்பறை, அதாவது உறுப்பை அறுத்தல், வெகுளியின் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. குடிகோள், அலை, கொலை என்பன ஏனைய மூன்று. இளிவரலுக்கு உரியவையாகச் சொல்லப்படுபவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. சிதைந்த உடலைக் காண்போர்க்கு அருவருப்புத் தோன்றும் என்று நூல் கருதவில்லை. சினம் தோன்றும் என்றே கருதுகிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் குருதியும் குடலும் தோன்றுவிக்கும் கலக்கத்தைப் பீபத்சம் என்னும் சுவையின் ஒரு வகையாகவே கொள்கிறது. எட்டு மெய்ப்பாட்டையும் எட்டுச் சுவையையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்து அட்டவணை இடும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. அந்த அட்டவணையில் இளிவரலும் பீபத்சமும் ஒரே வரிசையில் வந்து அமர்ந்துவிடுகின்றன. வெட்டுண்ட உடல் மட்டும் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறது. சினம் என்பது செய்தவனை நோக்கி எழும் உணர்வு. அருவருப்போ செய்யப்பட்ட பொருளை நோக்கியது. எனவே, தொல்காப்பியர் வகுப்பின்படி வெட்டுண்ட உறுப்பைக் காட்டும் கலை, வெட்டிய கையையும் காட்டியாக வேண்டும். இம்முடிவைத் தாடிக்கொம்புத் தூண்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இரண்டு உவமைகள்

அதற்கு முன், புண்ணைப் பற்றிய இரண்டு உவமைகளை அருகருகே வைத்துக் காண்பது நலம்.

பொய்கையாரின் களவழி நாற்பதில் வெட்டுண்ட யானைத் துதிக்கை குருதி சொரிவது, பவளம் கொட்டும் பையோடு ஒப்பிடப்படுகிறது. வடிவம் பொருந்துகிறது: துதிக்கை ஒரு நீண்ட பை, குருதித் துளி பவளம். நிறமும் பொருந்துகிறது. ஆயினும் உவமை நம்மை யானையிடமிருந்து அப்பால் அழைத்துச் சென்று ஓர் அணிகலக் கடையில் நிறுத்திவிடுகிறது. பவளம் உருண்டு, சிதறி, ஒளிரும். குருதியோ வழிந்து உறையும். பார்வைக்கு இன்பம் தரும் பொருட்டுப் புண்ணின் ஒரு பண்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை நழுவவிடுகிறார் புலவர். களவழியின் பெரும்பான்மைப் பாடல்கள் இத்தகையவை. வெற்றி பெற்ற வேந்தனுக்குப் போர்க்களத்தைத் திருவிழாக் காட்சியாக ஆக்கித் தருவது அந்நூலின் நோக்கம். அந்நோக்கத்தை அது நிறைவேற்றுகிறது என்பதில் ஐயமில்லை.

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் பாடுவது வேறு. கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனின் வீரர் மார்பில் பெருவெட்டுக்களைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியை, குளிர்ந்த குளத்தில் மீனுக்காக மூழ்கி எழும் சிரலோடு, அதாவது மீன்கொத்தியோடு, அவர் ஒப்பிடுகிறார் (பதிற். 42). இவ்வுவமையில் ஒப்புமை நிறத்தில் அமையவில்லை, இயக்கத்தில் அமைந்துள்ளது. பறவை சட்டென மூழ்குகிறது, கண்ணுக்கு மறைகிறது, நீரைச் சிந்தியவாறு எழுகிறது. ஊசி தசைக்குள் நுழைந்து மறைந்து, குருதி ஈரத்தோடு மறுபுறம் எழுகிறது. இதனைச் சொல்ல, தைப்பவரின் கை வேகத்தையும் ஊசி நுழையும் கோணத்தையும் அருகிருந்து கண்டிருக்க வேண்டும். குருதி என்ற சொல்லே தேவைப்படவில்லை. குளத்து நீரே அதற்குப் பதிலாக நிற்கிறது. மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இப்பாடலை அறுவை மருத்துவத்துக்கான சான்றாக மட்டும் எடுத்தாள்வதுண்டு. கவிதையாக அதன் வெற்றி, புண்ணைக் காட்டாமல் புண்ணில் நிகழும் தொழிலைக் காட்டியதில் இருக்கிறது.

முதல் உவமை புண்ணை அணியாக்குகிறது. இரண்டாவது புண்ணைச் செயலாக்குகிறது. சங்கப் பாடல்களின் நல்ல பகுதிகள் பெரும்பாலும் இரண்டாவது வழியிலேயே செல்கின்றன. அரிசில்கிழார் பாடிய புறம் 281-இல் புண்பட்ட கணவனைக் காக்கும் மனைவி இரவ இலையையும் வேப்பிலையையும் மனையில் செருகுகிறாள், ஐயவி சிதறுகிறாள், யாழும் மணியும் ஒலிக்கக் காஞ்சிப்பண் பாட ஏற்பாடு செய்கிறாள். புண் எங்கே, எவ்வளவு என்று பாடல் விவரிக்கவில்லை. செய்யப்படும் வேலைகளின் எண்ணிக்கையே புண்ணின் கொடுமைக்கு அளவு. முல்லைப்பாட்டில் நப்பூதனார் பாசறை வேந்தனை உறங்கவிடாமல் வைத்திருப்பதும் இத்தகைய விவரங்களே. அம்பு தைத்த குதிரைகள் செவி சாய்த்து, உணவு கொள்ளாமல் நிற்கின்றன. கால்நடையை வளர்த்த எவரும் இதை உடனே உணர்வர். திண்டுக்கல் சமவெளியின் எந்தச் சிற்றூரிலும், மாடு தீவனம் தொடவில்லை என்ற ஒரு சொல்லுக்கு மேல் நோயின் விளக்கம் வேண்டியதில்லை.

கல்லும் குருதியும்

கருங்கல்லில் குருதியைச் செதுக்க இயலாது. ஓடுவது, நனைப்பது, சிவப்பது ஆகிய மூன்றும் கல்லுக்குப் பகையானவை. பெர்கமம் மரபில் தோன்றி, உரோமில் பளிங்குப் படியாக எஞ்சியிருக்கும் 'இறக்கும் கால் வீரன்' சிலையில் விலாப் புண்ணின் கீழ்க் குருதித் துளிகள் செதுக்கப்பட்டுள்ளன. அங்கும் அவை கெட்டியான மணிகள்தாம். தலை தொங்க, ஊன்றிய கை தாங்க முயலும் அவ்வுடலின் சாய்வே மரணத்தைச் சொல்கிறது. குருதிக்கு மாறாகக் குடல் கல்லுக்கு இசைவானது. அதற்கு வடிவம் உண்டு, கனம் உண்டு, வளைவு உண்டு. இரணிய வதத்தைச் செதுக்கிய சிற்பிகள் குடலைத் தேர்ந்ததற்குச் சமயக் காரணத்தோடு இந்தத் தொழிற்காரணமும் இருந்திருக்க வேண்டும்.

சமயக் காரணம் வெளிப்படையானது. பாகவத புராணம் குடலை மாலையாக அணிந்த நரசிம்மரைப் பாடுகிறது. சிற்பம் அவ்வழியைப் பின்பற்றுகிறது. இவ்வகைச் சிற்பங்களில் குடல் சீரான தடிப்புடைய கயிறுபோல், மலர்மாலையின் வளைவோடு அமைவதும், இரணியனின் மகுடமும் அணிகலன்களும் குலையாமலே இருப்பதும் அதனால்தான். வயிறு கிழிந்தவனின் ஆரம் நழுவவில்லை. தத்ரூபம் என்று சொல்பவர் இந்த முரணைக் கண்டுகொள்வதில்லை. குடல் இங்கு உடலுறுப்பாக இருப்பதைவிட அணியாகவே இருக்கிறது. பொய்கையாரின் பவளப் பைக்கு இது நெருங்கிய உறவு.

கம்பர் இவ்விடத்தில் சிற்பிகளோடு உடன்படவில்லை என்பது போதிய அளவு பேசப்படாத செய்தி. யுத்த காண்டத்தில், வீடணன் வாயிலாக இராவணனுக்குச் சொல்லப்படும் நீண்ட இரணியன் வதைப் படலத்தில், தந்தைக்கும் மகனுக்குமான வாதம் பாடல் பாடலாக விரிகிறது. கொலையோ ஒரே பாடலில் முடிந்துவிடுகிறது. அந்திப் பொழுது, அரண்மனை வாயில், தொடைமேல், நகத்தால் என வரத்தின் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக நிறைவேறுகின்றன. பிளக்கப்படுவது மார்பு. குருதி வானளாவ எழுகிறது, தீ எழுகிறது, குடல் இல்லை. பெரும்போர் செய்து வீழ்ந்தவனுக்குக் கம்பர் விழுப்புண்ணின் இடத்தையே கொடுக்கிறார். இரணியன் கொடியவன், ஆனால் புறங்காட்டாதவன் என்பது அந்த ஒரு சொல்லில் அடங்குகிறது. சிற்பி வயிற்றைத் திறந்து அவனைத் தோற்றவனாக்க, கம்பர் மார்பைத் திறந்து அவனை வீரனாகவே விடுகிறார். தமிழ்ப் புறமரபை அறிந்தவர் யார் என்று கேட்டால், இவ்விடத்தில் புலவர் பக்கமே நான் நிற்பேன்.

இனி இரணிய யுத்தத் தூணுக்கு வருவோம். அங்கே புண் இல்லை. இரணியன் இன்னும் போர்வீரனாகவே நிற்கிறான். இரண்டு உடல்கள் ஒரே கல்லில், ஒன்றின் விசை மற்றொன்றைத் தாங்குமாறு பிணைக்கப்பட்டுள்ளன. ஒரே தூணின் ஒடுங்கிய பரப்பில் இரு எதிரிகளை நிறுத்த வேண்டிய கட்டாயம், சிற்பியை இடைவெளியே இல்லாத நெருக்கத்துக்குத் தள்ளியிருக்கிறது. அந்நெருக்கமே கருப்பொருளுக்குத் துணையாகிறது. எல்லோராவின் தசாவதாரக் குடைவரை (15ஆம் குகை) நரசிம்மர் புடைப்புச் சிற்பமும் கொலைக்கு முந்தைய கணத்தையே தேர்ந்தது. கை பற்றிவிட்டது, உடல் இன்னும் கிழியவில்லை. பார்ப்பவர் அடுத்து நிகழப்போவதைத் தம் உடலிலேயே உணர்கிறார். தொல்காப்பியர் வெகுளியின் நிலைக்களனாக உறுப்பறையை வைத்ததைக் கொண்டு நோக்கினால், செய்யும் கையையும் செய்யப்படும் உடலையும் ஒருசேர, சமமான விசையோடு காட்டுவது இந்தக் கணமே. வதத் தூணில் ஒரு பக்கம் முழு ஆற்றலும் மறுபக்கம் வெறும் பொருளுமே எஞ்சுகின்றன. ஆகவே புண் இல்லாத தூணே புண்ணைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பது என் மதிப்பீடு.

வதத் தூணில் மதிக்கத்தக்க மெய்ம்மை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அது குடலில் இல்லை. வயிற்றினுள் இறங்கும் கைகளில் இருக்கிறது. கிழிப்பதற்குக் கை எவ்வளவு அழுந்த வேண்டும், தொடை எவ்வாறு தாங்க வேண்டும், கிடக்கும் உடல் எங்கே வளையும் என்பதைத் தொழிலறிந்த ஒருவரே செதுக்க முடியும். ஊசியும் சிரலும் போல, இங்கும் மெய்ம்மை செயலைச் சார்ந்தது. ஒளிப்படங்கள் பெரும்பாலும் நரசிம்மரின் முகத்தையும் தூக்கிய குடலையும் மையமாக வைப்பதால், கைகள் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. நேரில் சென்று பார்ப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

நடுகல்லும் தலைப்பலியும்

வீரனின் புண்ணைக் கல்லில் காட்டும் தமிழ்மரபு கோயிலுக்கு வெளியே மிகப் பழையது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்களில் உருவமே இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. பின்னர் வந்த செங்கம் வட்டார நடுகற்களில் வீரன் வில்லோ வாளோ ஏந்தி நிற்க, அம்புகள் உடலில் தைத்து நிற்பதைக் காணலாம். அம்பு தைத்த இடத்தைச் சுற்றித் தசை கிழிந்திருப்பதாகச் சிற்பி காட்டுவதில்லை. வீரனின் நிலையும் தளர்வதில்லை. கொங்குப் பகுதிப் புலிகுத்திக் கற்களிலும் வேலோ வாளோ புலியின் உடலைத் துளைக்க, புலி எழுந்து வீரனைப் பற்றியிருக்கும். இங்கு அம்பும் வேலும் புறப்பாடலில் புண்ணின் இடம் செய்யும் வேலையையே செய்கின்றன: எத்திசையிலிருந்து வந்தது, இவன் எத்திசை நோக்கி நின்றான் என்ற செய்தி அவற்றிலிருந்து கிடைக்கிறது. இதனைச் சிற்பத் திறனின் குறைபாடு என்று கொள்வது பொருந்தாது.

தலைப்பலிச் சிற்பங்கள் ஒரு படி மேலே செல்கின்றன. மாமல்லபுரம் திரௌபதி இரதத்தில் கொற்றவை முன் மண்டியிட்ட அடியவன் தொடங்கி, பிற்கால நவகண்டச் சிற்பங்கள் வரை, ஒரு கை முடியைப் பற்ற மறுகை கழுத்தில் வாளை வைக்கும். முகத்தில் வலி இராது. வலியைக் காட்டினால் பலி கட்டாயத்தால் நிகழ்ந்தது என்றாகிவிடும். முகத்தின் அமைதி அங்கே செய்தியின் ஒரு பகுதி. முடியைப் பற்றிய கை மட்டும் நடைமுறை அறிவோடு செதுக்கப்பட்டிருக்கிறது. தலை சாயாமல் இருக்க அதுவே வழி.

ஒரு மறுப்பு

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தசையையே விவரித்து மாபெரும் கலையான படைப்புகள் உலகில் உள்ளனவே? தாடிக்கொம்புத் தூண்கள் சேர்ந்த அதே 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1512 முதல் 1516 வரை, செருமானிய ஓவியர் குரூனவால்டு தீட்டிய ஈசன்கைம் பலிபீட ஓவியம் அத்தகையது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோல் முழுவதும் கொப்புளமும் முள்ளும் நிறைந்து, பச்சை பாய்ந்திருக்கும். விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கும். ஒரு கொப்புளத்தையும் அணியாக்க அவர் முயலவில்லை.

அவ்வோவியம் யாருக்காகத் தீட்டப்பட்டது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈசன்கைம் மடத்தைச் சேர்ந்த அந்தோனியார் சபைத் துறவிகள், ரை என்னும் தானியத்தில் பற்றும் பூஞ்சையால் உண்டாகும் கொடிய எரிநோய்க்கு மருத்துவம் பார்த்தவர்கள். புண் அழுகிக் கை கால் இழக்கும் நிலையில் இருந்தவர்களும் அந்த ஓவியத்தின் முன் கொண்டுவரப்பட்டார்கள். தன் தோலைப் போன்ற தோலை அவர்கள் அங்கே கண்டனர். விவரிப்பின் நுணுக்கம் பார்வையாளரின் உடலோடு நேரடி உறவு கொண்டிருந்தது. எனவே தசையின் மெய்ம்மை தன்னளவில் தாழ்ந்தது என்பதன்று என் வாதம். அதற்கு ஒரு பார்வையாளர் வேண்டும். அப்பார்வையாளருக்கு அது தேவையாக இருக்க வேண்டும். தாடிக்கொம்பு மண்டபத்துக்கு வந்த அடியவர்க்கு இரணியனின் குடலில் தன்னைக் காணும் தேவை எதுவும் இல்லை. நரசிம்மரின் கையில் தனக்குரிய காவலைக் காணவே அவர் வந்தார். அப்படியெனில் சிற்பி குடலை மாலையாக்கிக் கையை மெய்யாக்கியது பிழையன்று. தன் பார்வையாளரை அறிந்து செய்த தேர்வு அது. பிழை நம் திறனாய்வுச் சொல்லில் இருக்கிறது.

பார்ப்பவர் யார்

புண்ணைப் பார்ப்பவரையே பாடலுக்குள் கொண்டுவந்து வைத்தவர் நக்கீரர். நெடுநல்வாடையின் இறுதியில் வேந்தன் வாடைக் காற்று வீசும் நள்ளிரவில் பாசறையை விட்டு வெளியே வருகிறான். அவன் வந்த நோக்கம் வீரர்களின் விழுப்புண்ணைக் காண்பது என்று பாடல் வெளிப்படையாகச் சொல்கிறது. வேப்பந்தார் சூட்டிய வேலோடு ஒருவன் முன்னே சென்று புண்பட்டவரை முறைமுறையாகக் காட்டுகிறான். விளக்குகள் காற்றில் சாய்கின்றன. வேந்தன் ஓர் இளைஞனின் தோளில் கை வைத்திருக்கிறான். குடைமேல் மழைத்துளி விழுகிறது. இவ்வளவும் சொல்லும் பாடல், காட்டப்பட்ட புண் ஒன்றையேனும் விவரிக்கவில்லை. காட்டும் வேலும் காணும் முகமும் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன. அரண்மனையில் வாடும் தலைவியின் கட்டிலை நூலாசிரியர் எத்தனை நுணுக்கமாக விவரிக்கிறார் என்பதை நினைத்தால், இது விவரிக்கும் ஆற்றல் இல்லாமையால் நேர்ந்ததாகச் சொல்ல முடியாது. யானைத் தந்தத்தின் வேலைப்பாடு வரை எழுதியவர், புண்ணின் முன் நிறுத்திக்கொள்கிறார்.

பெரியபுராணக் கண்ணப்பர் இதன் மறுபக்கம். சிவலிங்கத்தின் கண்ணில் குருதி கண்டதும் திண்ணனார் முதலில் எய்தவனைத் தேடி ஓடுகிறார். உறுப்பறையைக் கண்டவர்க்கு வெகுளி தோன்றும் என்ற வகுப்பு இங்கு அப்படியே நிகழ்கிறது. பிறகு மூலிகை தேடிப் பிழிகிறார், பயன் இல்லை. ஊனுக்கு ஊனே மருந்து என்ற நினைவு வந்தபின்தான் தம் கண்ணை இடந்து அப்புகிறார். மற்றொரு கண்ணிலும் குருதி வழிய, தம் இரண்டாம் கண்ணையும் எடுத்தபின் இடம் தெரியாமல் போகுமே என்று காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொள்கிறார். சேக்கிழார் இதில் கண் இடக்கும் வலியை விரிப்பதில்லை. ஒரு மருத்துவனின் வரிசையைப் பின்பற்றுகிறார்: காரணம் தேடல், மருந்து, மாற்று மருந்து, அடையாளம்.

கண்ணப்பரைச் செதுக்கிய சிற்பிகள் வெறுங்கண் குழியையோ குருதியையோ பெரிதுபடுத்தாமல், லிங்கத்தின்மேல் ஊன்றிய காலையும் கண்ணுக்கு நேரே பிடித்த அம்பையும் தேர்ந்துகொண்டனர். கால் இல்லாத கண்ணப்பர் சிற்பத்தைக் கண்ணப்பர் என்று எவரும் அடையாளம் காணமாட்டார். இன்னும் நிகழாத இரண்டாவது புண்ணுக்காக வைத்த அடையாளம் அது. தாடிக்கொம்பு இரணிய யுத்தத் தூணைப் போலவே, கிழிவதற்கு முந்தைய கணம். அழகர்கோயில் மண்டபத்திலும் இரணியனைக் காட்டும் தூண்கள் உள்ளன. அவற்றையும் தாடிக்கொம்புத் தூண்களையும் கைகளின் அழுத்தம், தொடையின் தாங்கல், உடலின் வளைவு என்ற மூன்றையும் முன்வைத்து அளந்து வரைந்து ஒப்பிடும் பணி, மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே ஒரு நாள் பயணத்தில் தொடங்கிவிடக் கூடியது.